பழைய பிக்கப்புக்கு ஏசி: சிக்னல்ல நிற்கும்போது தெரியும் சேதி

பழைய அமெரிக்க பிக்கப் வண்டிகளை ரீஸ்டோர் பண்ணும் வீடியோக்களைப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்தக் காட்சி பரிச்சயமாக இருக்கும். டேஷ்போர்டில் புதுசாக மாட்டிய ஏசி வென்ட். அதில் ஒரு தெர்மாமீட்டர் சொருகியிருக்கும். முள் 5 டிகிரி செல்சியஸைத் தொடும். எல்லாரும் கை தட்டுவாங்க, வீடியோ முடிஞ்சிடும். என் கேள்வி அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. அதே வண்டியை ஜூலை மாசம், மதியம் மூணு மணிக்கு, அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்தில், டிராஃபிக்ல ஒரு இருபது நிமிஷம் நிறுத்தினா அந்தத் தெர்மாமீட்டர் என்ன காட்டும்? அதைவிட முக்கியம், பக்கத்துல இருக்கிற எஞ்சின் டெம்பரேச்சர் முள் எங்க நிற்கும்?

சும்மா பயம் காட்டலை. 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது நம்ம கணக்கில் 43 டிகிரியை, தொட்டது அல்லது தாண்டியது. அந்த வெயிலில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நடுரோட்டில் நின்றால் அது வெறும் எரிச்சல் இல்லை, உள்ளே குழந்தையோ வயசானவங்களோ இருந்தா ஆபத்து.

ஆர்ஏசி பேப்பர் எழுதின எல்லாருக்கும் கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாப்பரேட்டர் என்ற நாலு பெட்டிகள் மனப்பாடம். பெட்டி போட்டு, கோடு இழுத்து, அம்புக்குறி வரைந்து 13 மார்க் வாங்கியிருப்போம். ஆனா அந்தப் படத்துல எஞ்சின் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது. பழைய வண்டிக்கு ஏசி மாட்டுவதில் உள்ள சிக்கல் கிட்டத்தட்ட முழுசா அந்தப் படத்துக்கு வெளியேதான் இருக்கு.

மெக்கானிக்கல் அல்லாத மக்களுக்காக ஒரு பத்தி மட்டும். ஏசி குளிர்ச்சியை உற்பத்தி பண்றதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுது. கேபினுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில், ஏசி கேஸ் திரவமாக நுழைந்து சுமார் 0 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கத் தேவையான வெப்பத்தைக் கேபின் காற்றிலிருந்து பிடுங்கிக்கும். அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்தி வெளிக்காற்றைவிடச் சூடாக்கும். கண்டென்சரில் அந்தச் சூடு வெளியே போய், ஆவி திரும்பத் திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வு அழுத்தத்தைக் குறைச்சு மறுபடி உள்ளே அனுப்பும். ஆக, கேபினில் எடுத்த வெப்பமும் கம்ப்ரசர் செய்த வேலையும் சேர்ந்து ஓரிடத்தில் கொட்டப்படணும். எங்கே? வண்டியின் முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்குக்கு நேரா. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

எந்த வண்டி, ஏன்

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி-10. இந்த வண்டிக்கு ரசிகர் கூட்டம் பெருசு, உதிரி பாகமும் ஏசி கிட்டும் எளிதாகக் கிடைக்கும். அந்தக் காலத்தில் கம்பெனி ஏசி என்பது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷன். கார்களில் அது வேகமாகப் பரவினாலும் பிக்கப் என்றால் பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற வண்டி. ஜன்னலை இறக்கிவிட்டால் காற்று வரும், அது போதும் என்பதுதான் நினைப்பு.

காரில் ஏசி என்ற யோசனையே முதலில் தடுமாறித்தான் வந்தது. 1940 மாடலில் பேக்கார்ட் கம்பெனி காரில் ஏசி கொடுத்தபோது அதன் கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. ஏசியை நிறுத்தணும்னா எஞ்சினை அணைச்சு, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றணும்! எவாப்பரேட்டர் பின்னால் டிக்கியில் உட்கார்ந்திருந்தது. அப்புறம் 1950, 60-களில் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடும் தனிப் பெட்டிகள் வந்தன. டெக்சாஸ் வெயில் அந்த வியாபாரத்துக்கு நல்ல தாய்வீடு. நம்ம ஊரில் அம்பாசடர் டாக்சிக்கு ஏசி மாட்டின மெக்கானிக்குகளுக்கு அந்தத் தொங்கும் பெட்டி நல்லாவே தெரியும். இன்று பழைய வண்டிகளுக்கென்றே ஏசி கிட் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. சான் அன்டோனியோவில் 1976-ல் தொடங்கிய விண்டேஜ் ஏர் அதில் பெரிய பெயர். கிட்டில் எவாப்பரேட்டர் பெட்டி, கம்ப்ரசர், கண்டென்சர், டிரையர், ஹோஸ், பிராக்கெட் எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வரும். சனி, ஞாயிறு உட்கார்ந்தால் மாட்டிவிடலாம் என்று தோன்றும்.

மாட்டிடலாம்தான்.

ஒரே கிராங்க், நாலு வேலை

இந்த வண்டியில் ஏசிக்குச் சம்பந்தப்பட்ட எல்லாமே ஒரே கிராங்க்ஷாஃப்ட்டிலிருந்து ஓடுது. கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுது. ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்ப்போடு சேர்ந்து பெல்ட்டில் ஓடுது. ஆல்டர்னேட்டரும் பெல்ட்தான். எஞ்சினுக்கு மூச்சு கொடுப்பது கார்ப்பரேட்டர்; அதுக்குக் கம்ப்யூட்டர் மூளை கிடையாது. ஹைவேயில் 2000 ஆர்பிஎம்மில் போகும்போது நாலும் தாராளமா வேலை செய்யும், எதிர்க்காற்றும் கிரில்லில் வந்து மோதும். சிக்னலில் 700 ஆர்பிஎம்முக்கு இறங்கினால்? கம்ப்ரசர் மந்தம். ஃபேன் மந்தம். கரண்ட் குறைவு. எஞ்சின் தடுமாற்றம். எதிர்க்காற்று பூஜ்யம். நாலும் ஒரே நேரத்தில் பலவீனமாகும். ஆனா தலைக்கு மேல சூரியன் மட்டும் ஃபுல் த்ராட்டில்ல நிற்கும்.

அதனால் இந்த டிசைனை 2000 ஆர்பிஎம்மில் கணக்குப் போடக் கூடாது, 700-ல் போடணும். இதைத்தான் முக்கால்வாசி வீடியோக்கள் காட்டுறதில்லை.

வாங்க, தோராயமா ஒரு கணக்கு போடுவோம். இவை என் அனுமானங்கள். உங்க எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க. வெளியே 42 டிகிரி, உள்ளே 25 வேணும். கூரை சுமார் 1.8 சதுர மீட்டர் ஒற்றைத் தகடு, வெயிலில் 65 டிகிரிக்குப் போகும். தகட்டிலிருந்து கேபின் காற்றுக்கு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 9 வாட் என்று வைத்தால், கூரை மட்டும் கிட்டத்தட்ட 650 வாட். கண்ணாடிகள் வழியே வெயில் 600. எஞ்சின் பக்கத்து ஃபயர்வாலும், அடியில் சைலன்சர் பைப் ஓடும் தரையும் சேர்ந்து 540. கதவுகளும் பின்சுவரும் 380. அம்பது வருஷ ரப்பர் பீடிங்கில் நொடிக்கு 30 லிட்டர் வெளிக்காற்று நுழைந்தால் இன்னொரு 580. ரெண்டு ஆள், ப்ளோயர் மோட்டார் சேர்த்து 350. மொத்தம் 3100 வாட்.

ஒரு டன் ஏசி என்றால் 3500 வாட். அதாவது வீட்டில் ஒரு பெட்ரூமுக்கு மாட்டுகிற ஏசி அளவு வெப்பம், ரெண்டு பேர் தோள் இடிச்சு உட்காரும் இந்த இரும்புப் பெட்டிக்குள் வருது!

இப்போ கம்ப்ரசர் பக்கம். இந்த வேலைக்குப் பரவலாகப் போடப்படுவது சாண்டன் எஸ்டி-508. பெயரிலேயே விவரம் இருக்கு: 5 பிஸ்டன், ஏறக்குறைய 8 கன அங்குலம், அதாவது ஒரு சுற்றுக்கு 138 சிசி. எஞ்சின் 700-ல் சுற்றும்போது புல்லி விகிதம் 1.4 என்றால் கம்ப்ரசர் 980 ஆர்பிஎம். நொடிக்கு 2.25 லிட்டர் ஆவியை இழுக்கும். 0 டிகிரியில் ஆர்-134ஏ ஆவியின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 14 கிராம். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி 70 சதவீதம் போட்டால் நொடிக்கு 22 கிராம். ஒரு கிராமுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி சுமார் 120 ஜூல். பெருக்கிப் பாருங்க: 2600 வாட்டைச் சுற்றி வரும்.

வேணும்கிறது 3100. கிடைப்பது 2600. சிக்னலில் நிற்க நிற்க கேபின் சூடேறும். ஹைவே ஏறினால் அதே கம்ப்ரசர் 7000 வாட் கொடுக்கும் திறன் உள்ளது, ஐஸ் மாதிரி ஊதும், தெர்மாமீட்டர் 5 காட்டும். வீடியோவும் பொய் இல்லை, ஓனர் புலம்பலும் பொய் இல்லை.

உடனே பெரிய கம்ப்ரசர் போடலாமே என்று கை தூக்குவீங்க. போடலாம். அது கண்டென்சர் பக்கம் கொட்டும் வெப்பத்தைக் கூட்டும், எஞ்சின் மேல் சுமையைக் கூட்டும். கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை. அதுக்கு முன்னாடி, உள்ளே வரும் வெப்பத்தைத் தடுத்தால் என்ன?

6 மில்லிமீட்டர் கனத்தில் க்ளோஸ்டு-செல் ஃபோம் ஷீட் ஒட்டினால், மேலே சொன்ன 9 வாட் 3.8 வாட்டாகக் குறையும். (ஃபோமின் வெப்பக் கடத்துதிறன் 0.04 என்று போட்டு நீங்களே சரிபார்க்கலாம், ரெண்டு வரிக் கணக்குதான்.) கூரை, தரை, ஃபயர்வால், கதவு, பின்சுவர் எல்லாம் ஒட்டி, கதவு பீடிங்கைப் புதுசாக்கி, காலடியில் இருக்கும் வெளிக்காற்றுத் துவாரங்களை அடைத்தால், என் கணக்கில் மொத்தம் 2000 வாட்டுக்கு வந்துடும். இப்போ 2600 போதும். கம்ப்ரசரைத் தொடவே இல்லை, ஆனா சிக்னல் பிரச்சினை தீர்ந்தது. வீடியோவுக்குக் கவர்ச்சியே இல்லாத வேலை என்பதால்தான் இதை யாரும் முதலில் செய்வதில்லை என்பது என் சந்தேகம்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துடலாம். வெள்ளி நிற அலுமினிய மேல்தாளோடு கறுப்பு பியூட்டைல் ஷீட் ஒட்டுவாங்க பாருங்க, அது தகட்டின் அதிர்வை அடக்கத்தான். சத்தம் குறையும், கதவு சாத்தினால் பென்ஸ் மாதிரி கேட்கும். வெப்பத்தைத் தடுப்பதில் அது சுமார் ரகம். சூட்டுக்கு ஃபோம் வேணும். ரெண்டையும் அடுக்காக ஒட்டுவது சரியான வழி.

சீட்டைக் கழற்றி இந்த வேலை பண்ணும்போது ஒன்னு கவனியுங்க. இந்த வருஷ சி-10-ல் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கு! ஆமா, உங்க முதுகுக்குப் பின்னால. பின்சுவரில் ஃபோம் ஒட்டும் முன் டேங்க் ஹோஸ்களைப் பரிசோதித்து, வெடிப்பு இருந்தால் மாற்றிடணும். ஏசிக்காகக் கேபினைக் காற்றுப்புகாமல் அடைச்சுட்டு, உள்ளே பெட்ரோல் வாசனையோடு உட்காருவது புத்திசாலித்தனம் இல்லை.

கிரில்லுக்குப் பின்னால்

ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த இடத்துக்கு வந்தாச்சு. ஐடிலிங்கில் கேபினிலிருந்து எடுத்த 2600 வாட், கம்ப்ரசர் வேலை ஒரு 1200 வாட், ஆக 3800 வாட் கண்டென்சரில் கொட்டுது. அந்த ஃபேன் ஐடிலிங்கில் நொடிக்கு 0.3 கன மீட்டர் காற்று இழுக்கிறது என்று வைத்தால், கண்டென்சரைக் கடந்த காற்று 11 டிகிரி சூடாகிடும். 43-ல் நுழைந்த காற்று 54-ல் ரேடியேட்டரைத் தொடும். கூலன்ட் 90 டிகிரி என்றால், முன்பு 47 டிகிரி வித்தியாசத்தில் வேலை செய்த ரேடியேட்டர் இப்போ 36 டிகிரியில் செய்யணும். கிட்டத்தட்ட கால்வாசித் திறன் போச்சு. அதே சமயம் எஞ்சின் முன்பைவிடக் கூடுதலாக உழைக்குது. செவ்ரோலேவே ஏசி ஆப்ஷன் எடுத்தவர்களுக்குக் கூலிங் சிஸ்டத்தையும் சேர்த்துப் பெருசாக்கித்தான் கொடுத்தது. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இங்கே நான் முதல் காசைச் செலவழிக்கச் சொல்வது ஃபேன் ஷ்ரவுடுக்கு. ரேடியேட்டரையும் ஃபேனையும் சுற்றி இருக்கும் அந்தக் கூடு இல்லை என்றால், ஃபேன் தனக்கு நேரே இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும். மீதி, பக்கத்து எஞ்சின் சூட்டையே சுற்றிச் சுற்றி இழுக்கும். அடுத்தது இடைவெளிகள். கண்டென்சருக்கும் ரேடியேட்டர் சட்டத்துக்கும் நடுவே சந்து இருந்தால், வண்டி நிற்கும்போது எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று அந்தச் சந்து வழியா முன்னாடி வந்து திரும்ப உள்ளே போகும். ரப்பர் பட்டையோ ஃபோம் பட்டையோ வைத்து அடைத்தால் போதும். சில்லறைச் செலவு. அதுக்கப்புறமும் போதவில்லை என்றால்தான் பெரிய ரேடியேட்டர், எலக்ட்ரிக் ஃபேன் எல்லாம்.

எலக்ட்ரிக் ஃபேன் என்றதும் கரண்ட் கதை வரும். அடிப்படை மாடலில் வந்த ஆல்டர்னேட்டர் சுமார் 37 ஆம்பியர், அதுவும் நல்ல வேகத்தில். ஐடிலிங்கில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஏசி ப்ளோயர் 15 முதல் 20 ஆம்பியர் கேட்கும், கம்ப்ரசர் கிளட்ச் 4, எலக்ட்ரிக் ஃபேன் வைத்தால் இன்னும் 20-க்கு மேல், ராத்திரி ஹெட்லைட் தனி. பேட்டரிதான் பல்லைக் கடிச்சு ஈடு கட்டும், கொஞ்ச நேரத்துக்கு. அதனால் ஐடிலிங்கில் எவ்வளவு தரும் என்று பார்த்து ஆல்டர்னேட்டர் வாங்கணும். பெட்டியில் பெருசாகப் போட்டிருக்கும் நம்பரைப் பார்த்து இல்லை. அதிலிருந்து வரும் ஒயரையும் கனமாக மாத்தணும். 37 ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் 100 ஆம்பியரை ஓட்டினால் தீ விபத்துதான். இன்னும் பழைய வண்டி என்றால் கஷ்டம் கூடுதல். 1963-க்கு முந்தைய செவ்ரோலே டிரக்கில் டைனமோ இருக்கும், ஐடிலிங்கில் அது தருவது ரொம்பக் கொஞ்சம். 1955-க்கு முன்னால் போனால் முழு வண்டியுமே 6 வோல்ட்.

கார்ப்பரேட்டருக்கு வருவோம். கம்ப்ரசர் கிளட்ச் 'டக்'னு பிடிச்சதும் எஞ்சின் மேல் திடீர்ச் சுமை. இப்போதைய காரில் கம்ப்யூட்டர் உடனே த்ராட்டிலைக் கொஞ்சம் திறக்கும். இங்கே கேட்க ஆள் இல்லை. ஐடிலிங் 700-லிருந்து 550-க்கு விழும், வண்டி நடுங்கும், ஃபேன் இன்னும் மெதுவாகும். அதுக்கு ஐடில்-அப் சாலினாய்டு என்று ஒரு சின்ன பாகம் உண்டு. ஏசி ஓடும்போது மட்டும் கார்ப்பரேட்டர் லீவரைத் தள்ளிப் பிடிக்கும். சின்ன பாகம், ஆனா மேலே சொன்ன நாலு பலவீனத்தையும் ஒரே தள்ளில் தூக்கிவிடுது.

கேஸ் விஷயம்

ஆர்-12 என்ற பழைய கேஸுக்கும் செவ்ரோலேவுக்கும் ஒரு சொந்தம் உண்டு. அந்தக் கேஸைக் கண்டுபிடித்தது தாமஸ் மிட்ஜ்லியின் குழு, வேலை பார்த்தது ஜெனரல் மோட்டார்ஸுக்கு. அவங்க ஃப்ரிட்ஜ் பிராண்டான ஃப்ரிஜிடேருக்காக. விஷமில்லை, தீப்பிடிக்காது, அற்புதம் என்று உலகமே கொண்டாடியது. 1974-ல் மோலினாவும் ரோலண்டும் இந்த வகை கேஸ்களின் குளோரின் மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று சொன்னார்கள். 1987-ல் மான்ட்ரியால் ஒப்பந்தம். 1995 முடிவோடு அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி நின்றது.

அதனால் இன்றைய கிட்டுகள் பெரும்பாலும் ஆர்-134ஏ. கொதிநிலை ஆர்-12-க்கு மைனஸ் 29.8, இதுக்கு மைனஸ் 26.3 டிகிரி. பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி தெரியும். ஆனா சூட்டில் குணம் மாறும்: 60 டிகிரியில் ஆர்-12 சுமார் 15.3 பார், ஆர்-134ஏ 16.8 பார். 0 டிகிரியில் தலைகீழ், முன்னது 3.1, பின்னது 2.9. அதாவது கம்ப்ரசர் கீழேயிருந்து இழுத்து மேலே தள்ள வேண்டிய விகிதம் கூடுது. அதனால்தான் பழைய கண்டென்சரை வைத்துக்கொண்டு கேஸை மட்டும் மாற்றினால் சிக்னலில் கைவிடும். அதே அளவு இடத்தில் அதிக வெப்பம் கொட்டுகிற பேரலல்-ஃப்ளோ கண்டென்சர் வேணும். ஆயிலும் வேற. ஆர்-12-க்குப் போட்ட மினரல் ஆயில் ஆர்-134ஏ-வில் கரையாது, அங்கங்கே தங்கிடும், கம்ப்ரசருக்குத் திரும்பாமல் அது காய்ந்து சாகும். இதுக்குப் பிஏஜி ஆயில். ஹோஸும் உள்ளே நைலான் அடுக்கு வைத்த பேரியர் ஹோஸாக இருக்கணும், சாதா ரப்பர் வழியே இந்தக் கேஸ் கசியும்.

யாராவது அந்தக் காலத்தில் தொங்கும் பெட்டி மாட்டியிருந்து, அதில் கேஸ் மிச்சமிருந்தால், நட்டைத் தளர்த்தி 'புஸ்'னு விடக் கூடாது. அமெரிக்காவில் 1992 ஜூலையிலிருந்து அது சட்டப்படி குற்றம். 1995 நவம்பரிலிருந்து ஆர்-134ஏ-வுக்கும் அதே சட்டம். ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் கடையில் உறிஞ்சி எடுத்துக்கொள்வார்கள்.

கேஸ் ஏத்தும் முன் வேக்கியூம் பம்ப் போடுவது ஏன் என்று நிறைய பேர் 'காற்றை எடுக்க' என்று மட்டும் சொல்வார்கள். பாதி உண்மை. முக்கிய எதிரி தண்ணீர். 25 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் 3.2 கிலோபாஸ்கல். உள்ளே அழுத்தத்தை அதுக்குக் கீழே இறக்கினால், குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். கேஜில் 29 அங்குலம் வேக்கியூம் என்று சொல்வது அந்த எல்லையைத்தான். கொதித்து முடிக்க நேரம் வேணும் என்பதால் முள் இறங்கின உடனே பம்ப்பை நிறுத்தாமல் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓடவிடணும். ஒரு வேடிக்கை: டென்வர் மாதிரி 1600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் தலைகீழா நின்னாலும் கேஜ் 29 காட்டாது, வெளிக் காற்றழுத்தமே 24, 25 அங்குலம்தான்! ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்கும். டிரையர் பாட்டிலின் மூடியைக் கடைசி நிமிஷம் வரை கழற்றக் கூடாது என்பதும் இதுக்காகத்தான்; திறந்து வைத்தால் அது வெளிக்காற்றின் ஈரத்தைக் குடிச்சே நிறைஞ்சிடும்.

கேஸை எடைபோட்டு ஏத்துங்க. இப்படிப்பட்ட கிட்டுகளுக்கு 800 கிராம் சுற்றளவில் சொல்வார்கள். உங்க கையேட்டில் உள்ள எண்தான் சட்டம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஹோஸைத் தொடாதீங்க, திரவம் கண்ணில் பட்டால் உறைய வைக்கும். எஞ்சின் ஓடும்போது கேனை ஹை-சைடில் இணைக்கவே கூடாது; அந்த அழுத்தம் திரும்பி கேனுக்குள் போனால் கேன் வெடிக்கும். லைனில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும். அழுத்தம் 400 பிஎஸ்ஐயைச் சுற்றிப் போனால் கிளட்ச்சை அணைக்கும். அதை 'தொந்தரவு' என்று ஒயரைச் சேர்த்து ஷார்ட் பண்ணும் ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்காங்க.

டேஷ்போர்டுக்குப் பின்னால்

இந்தப் பகுதி கையேட்டிலேயே நல்லா இருக்கும், அதனால் ரெண்டே விஷயம். எவாப்பரேட்டர் பெட்டிக்குள் ஹீட்டர் காயிலும் பக்கத்திலேயே இருக்கு. அதுக்குப் போகும் சுடுதண்ணி லைனில் வால்வு போட்டு முழுசா மூடவில்லை என்றால், ஒரு கையால் குளிரூட்டி மறு கையால் சூடேத்துவீங்க. "கேஸ் சரியா இருக்கு, ஆனா குளிரலை" என்ற புகார் வந்தால் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டிய ஹோஸ் இது.

ரெண்டாவது, தண்ணீர். ஃபீனிக்ஸ் வறண்ட ஊர். அதே வண்டி ஹூஸ்டன் போனால், கடலோர ஈரக்காற்று, நம்ம சென்னை மாதிரி. அங்கே நொடிக்கு 30 லிட்டர் காற்று கசிந்தால், அந்த ஈரத்தைத் தண்ணீராக்கவே ஏறக்குறைய 850 வாட் செலவாகும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் சொட்டும். டிரெய்ன் குழாய் சரிவாக ஃபயர்வாலைத் தாண்டி வெளியே போகணும். இல்லன்னா புதுசா ஒட்டின ஃபோமுக்கும் தகட்டுக்கும் நடுவில் தேங்கி, நீங்க பார்க்காத இடத்தில் துருப்பிடிக்கும்.

இவ்வளவும் பண்ணினா வண்டியின் ஒரிஜினாலிட்டி கெட்டுடாதா என்று சேகரிப்பாளர்கள் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். பிக்கப் அரிதான மாடலாக, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருந்தால் நான் தொடமாட்டேன். ஆனா பெரும்பாலான சி-10-கள் ஏற்கனவே மூணு முறை பெயின்ட் மாறினவை. அங்கே என் எல்லைக்கோடு ஒன்னுதான்: தகட்டை வெட்டாதீங்க. பழைய ஹீட்டர் ஓட்டையைத் தகடு போட்டு மூடி, அந்தத் தகட்டிலேயே ஹோஸ்களை விட்டால், நாளைக்கு யாராவது பழையபடி மாத்திக்கலாம். கழற்றின ஹீட்டர் பெட்டி, பழைய க்ளவ் பாக்ஸ் (கிட்டுக்கு இடம் விட ஆழம் குறைந்த க்ளவ் பாக்ஸ்தான் வரும்) ரெண்டையும் தூக்கிப் போடாமல் அட்டைப் பெட்டியில் கட்டி வையுங்க.

எல்லாம் முடிஞ்சதும் டெஸ்ட். ஹைவே வேண்டாம். மதியம், நிழலில்லாத இடத்தில் நிறுத்தி, ப்ளோயர் ஃபுல், ஹெட்லைட் ஆன், ஐடிலிங்கில் இருபது நிமிஷம். கூலன்ட் முள், பேட்டரி வோல்டேஜ், ஹை-சைடு கேஜ் மூணையும் பார்த்துட்டே இருங்க. ஆர்-134ஏ-வுக்கு மெக்கானிக்குகள் ஒரு கைக்கணக்கு வெச்சிருக்காங்க: வெளி வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து 2.2 முதல் 2.5 வரை பெருக்கினால் ஹை-சைடு எத்தனை பிஎஸ்ஐ இருக்கலாம் என்று கிடைக்கும். 110 டிகிரிக்கு 240-லிருந்து 275. முள் அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், உடனே கேஸ் அதிகமோ குறைவோ என்று சந்தேகப்படாமல், தோட்டத்து ஹோஸை எடுத்துக் கண்டென்சர் மேல் தண்ணீர் அடிச்சுப் பாருங்க. பிரஷர் சட்டென்று இறங்கினால் குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான். கேஸ் கேனைக் கீழே வெச்சுட்டு ஷ்ரவுடையும் சந்துகளையும் போய்ப் பாருங்க.